முழுக்குத் துணி

பையா? இருக்கட்டுங்க சார், மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா பிரேக் போடறப்ப உங்க தலையில விழுந்தாலும் விழும். கனமில்லீங்க, துணிதான். எல்லாம் வெள்ளைத் துணி. எங்கூட்டுக்காரி கட்டி வச்சா. அதோ, டிரைவருக்குப் பின்னால, சன்னலோரமா, பச்சைச் சீலை. அவதான். பாவாயின்னு பேரு. நல்லாப் பாருங்க, ஒண்ணும் ஆகாது. அவ திரும்பிப் பாக்க மாட்டா.

நாங்க மோகனூர்ல எறங்கிக்குவோம். நீங்க கரூரா? நல்லதாப் போச்சு.

என்னை எங்கியோ பாத்தாப்ல இருக்குதா? இருக்கும், இருக்கும். போஸ்டர்ல பாத்திருப்பீங்க. பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்துல ஒட்டியிருக்குது பாருங்க, காவேரிக்கரை எழுப்புதல் கூட்டம்னு. அதுல கீழ வட்டத்துக்குள்ள ஒரு மூஞ்சி. 'மம்பட்டி பவுல்ராஜ் சாட்சி கூறுவார்.' அது நாந்தான். மீசையைக் கொஞ்சம் பெருசாப் போட்டுட்டானுங்க. பவுல்ராஜ் மிஷன் வச்ச பேரு. ஊர்ல வச்ச பேரு செங்கோடன். பாவாயி மட்டும் எந்தப் பேரையும் சொல்ல மாட்டா. 'ஏனுங்க'ம்பா, அதோட சரி.

நீங்க கிறிஸ்தவங்களா? இல்லியா? அப்ப சாட்சின்னா உங்களுக்குக் கோர்ட்டு சாட்சிதான் தெரியும். இது வேறீங்க. சபையில எந்திரிச்சு நின்னு, நான் இப்படிக் கெட்டுக் கெடந்தேன், கர்த்தர் என்னைத் தூக்கி எடுத்தாருன்னு நம்மளப் பத்தி நாமளே சொல்றது. அதுலயும் நாங்க பாப்டிஸ்ட். தலையில நாலு சொட்டுத் தண்ணி தெளிச்சு உடற கதையெல்லாம் எங்ககிட்டக் கெடையாது. ஆத்துல எறக்கி, மூக்கைப் பொத்தி, முழுசா முக்கித்தான் எடுப்பாங்க. முழுக்கு ஞானஸ்நானம். முங்கறதுக்கு மின்னால சபை கேக்கச் சாட்சி சொல்லியாகணும். எங்க போதகர் ஞானாபரணம் ஐயா கேலியாச் சொல்லுவாரு, 'சாட்சி பொய்யின்னா அது முழுக்கு இல்லப்பா, வெறும் குளியல்'னு. திருநெல்வேலிப் பக்கத்து மனுசன். வாய் முழுக்கச் சிரிப்பு.

இன்னிக்கு அந்தக் கூட்டத்துலதான் பாவாயிக்கு முழுக்கு. அதுக்குத்தான் போறோம்.

அப்பாடான்னு இருக்குதுங்க சார். எத்தன வருசம் இழுத்தடிச்சா தெரியுமா? ஊரு ஊராப் போயி நான் சாட்சி சொல்றேன், எம் பேச்சைக் கேட்டு மனந்திரும்புனவங்க எத்தனையோ பேரு. எங்கூட்டுக்காரி கடைசிப் பெஞ்சுல உக்காந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கிட்டிருப்பா. திருவிருந்துல அப்பமும் திராட்சை ரசமும் வரும், அவளைத் தாண்டிப் போயிரும். முழுக்கு எடுக்காதவங்களுக்குக் குடுக்க மாட்டாங்க. எனக்கு அவமானமா இருக்காதுங்களா? போன மாசம் திடீர்னு ஐயா ஊட்டுக்கு அவளே நடந்து போயிருக்கா. 'எடுத்துக்கறனுங்க'ன்னிருக்கா. ஐயாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சாம்.

இன்னிக்குக் காலையில பை கட்டறா. அவளுக்கு ஒரு வெள்ளைச் சீலை, வெள்ளை ரவிக்கை. சரி. அதும்மேல என்னோட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எதுக்கு புள்ளன்னு கேட்டேன். 'தண்ணியில எறங்கினா நனையத்தான செய்யும்'னா. கையைப் புடிச்சு எறக்கி விடச் சொல்றாளாட்டம் இருக்குது. ஆத்துல இழுப்பு சாஸ்தி. எனக்குச் சந்தோசமாப் போச்சு. எங்கையை அவ புடிச்சு வருசக்கணக்காச்சுங்க.

மம்பட்டின்னு ஏன் பேருன்னு கேக்கறீங்க. கேப்பீங்கன்னு தெரியும். எல்லாரும் கேக்கறதுதான்.

சொல்றேன் கேளுங்க. பொழுது எறங்கற நேரம். மேக்கால வானம் செக்கச்செவேர்னு கெடக்குது. எனக்கும் பங்காளி மாரப்பனுக்கும் பொதுக் கெணறு. அன்னிக்கு எம் மொறைத் தண்ணி. அவன் மடையைத் திருப்பிக்கிட்டான். நான் போறேன். தோள்ல மம்பட்டி. வரப்புல ஒரு நாயி, என்னைப் பாத்ததும் ஊளையிடுது. மாரப்பன் குனிஞ்சு மண்ணை அணைச்சுக்கிட்டிருக்கான், அவனுக்கு நான் வந்தது தெரியாது. ஒரே போடு. மம்பட்டி மண்ணுல எறங்கற சத்தம் வேற சார், மண்டையில எறங்கற சத்தம் வேற. இந்த எடத்துல நான் மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னுக்குவேன். கூட்டம் மூச்சு விடாது. கொழந்தைங்க கூட அழுகாதுங்க. அப்பறம் மெதுவா, 'அந்தக் கையைத்தான் இன்னிக்கு ஆண்டவர் புடிச்சிருக்கிறாரு'ம்பேன். அவ்வளவுதான், அழுகைச் சத்தம் பந்தலைப் பிச்சுக்கிட்டுப் போகும்.

எப்பிடி? உங்க கைமுடி எந்திரிச்சு நிக்குது பாருங்க. எல்லாருக்கும் அப்படித்தான்.

காதைக் கொஞ்சம் இப்பிடிக் குடுங்க சார். அதுல ஒண்ணுங்கூட நெசமில்லீங்க.

சத்தியமாங்க. தண்ணித் தகராறு நெசம். மாரப்பன் செத்தது நெசம். மம்பட்டி என்னுது, அதுவும் நெசம். முந்தின நாள் வரப்புல மறந்து வச்சுட்டு வந்துட்டேன். எவன் எடுத்துப் போட்டானோ, இன்னமும் தெரியல. ஆனா அந்தச் சாயங்காலம் நான் ஊட்டை விட்டு எறங்கவே இல்ல. புள்ளைக்கு அம்மை. சின்னப் புள்ளை, ஒடம்பெல்லாம் முத்துமுத்தாப் போட்டிருந்துது. வாசல்ல வேப்பந்தழை சொருகியிருந்துது. அம்மை போட்ட ஊட்டுக்குள்ள யாரும் வரமாட்டாங்க, நாமளும் யாரு ஊட்டுக்கும் போகக் கூடாது. நான் புள்ளை பக்கத்துல உக்காந்து வேப்பங்கொத்தால விசிறிக்கிட்டிருந்தேன். அதைப் பாத்தது ஒரே ஒரு ஆளு. பாவாயி.

கோர்ட்டுல அவதான் எனக்குச் சாட்சி. வேற யாரு வருவா? கூண்டுல ஏறி நின்னா. நெடுநெடுன்னு நின்னா சார், நேரா என்னையே பாத்துக்கிட்டு. 'எங்கூட்டுக்காரரு புள்ளைக்கு விசிறிக்கிட்டிருந்தாருங்க. அம்மை வாத்த எம் புள்ளை மேல சத்தியமா'ன்னா. எங்க பக்கத்துல அந்தச் சத்தியத்தைப் பொய்யாப் பண்ண ஒருத்திக்கும் நெஞ்சு வராது. புள்ளைக்குக் கண்ணு போயிரும்பாங்க. சர்க்கார் வக்கீலு சிரிச்சாரு. கட்டுன பொண்டாட்டி வேற என்னம்மா சொல்லுவன்னாரு. ஆயுள் தண்டனை போட்டாங்க. ஊருக்குள்ள மாரப்பன் ஊட்டுச் சனம் அவளைப் பொய்ச்சாட்சிக்காரின்னுது. அவ தலையைக் குனியலீங்க. 'நான் பாத்ததைச் சொன்னேன்'னு போற வாற எடமெல்லாம் சொன்னா. மாசா மாசம் செயிலுக்கு மனுப் போட்டு என்னைப் பாக்க வருவா. வந்ததும் அதைத்தான் மொதல்ல சொல்லுவா. 'நீங்க செய்யலீங்க. எனக்குத் தெரியும்.' கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு. அதைக் கேட்டுட்டுப் போனா அந்த மாசம் பூராவும் எனக்குச் சோறு எறங்கும்.

இதெல்லாம் உங்ககிட்ட ஏன் சொல்றேன்? தெரியிலீங்க. யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க கரூருக்குப் போயிருவீங்க, என்னை மறந்துருவீங்க. காலையில இருந்து மனசு ஒரு நெலையில இல்ல, அதான்.

ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை மிஷன்காரங்க செயிலுக்கு வருவாங்க. ஞானாபரணம் ஐயாவும் இன்னும் ரெண்டு மூணு பேரும். நான் மொதல்ல போனது பாட்டுக் கேக்கத்தான். கிறிஸ்மஸுக்குக் கேக்கு. பொய் சொல்லுவானேன், கேக்குக்கும்தான். உள்ள இருக்கறவனுக்கு யாராச்சும் வந்து பேரைச் சொல்லிக் கூப்புட்டாப் போதுங்க. ஐயா வந்து தோள்ல கையைப் போட்டுக்கிட்டு உக்காருவாரு. 'உன் பாவத்தை அறிக்கை செய்தாயா மகனே?'ம்பாரு. அறிக்கைன்னா ஒத்துக்கறது. 'நான் செய்யலீங்க ஐயா'ம்பேன். கோவிக்க மாட்டாரு. முதுகைத் தட்டிக் குடுப்பாரு. 'எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்லுவார்கள். ஆண்டவர் அவசரப்பட மாட்டார்'னு எந்திரிச்சுப் போயிருவாரு. இப்பிடியே மூணு கிறிஸ்மஸ் போச்சு.

அவரு மேல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன் சார். நீ ஒத்துக்க, இதைத் தர்றேன்னு அவரு ஒருநாளும் பேசுனதில்ல. ஆனா நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். ஒத்துக்கிட்டவன் ஞானஸ்நான வகுப்புக்குப் போவான். வகுப்புக்குப் போனவன் குடும்பத்தைப் பாக்க மிஷன் அம்மாமாருங்க ஊடு தேடிப் போவாங்க. புள்ளைங்க மிஷன் ஹாஸ்டலுக்குப் போகும், யூனிபாரம் போடும். என்னாட்டம் 'செய்யல, செய்யல'ன்னவனெல்லாம் பின்னாடி பெஞ்சுலயே உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டிருந்தோம்.

ஒரு மாசம் பாவாயி மனுவுக்கு வந்தா. வழக்கமாச் சொல்றதைச் சொல்லல. புள்ளையைக் கூட்டியாந்திருந்தா. அதும் வெரலெல்லாம் வெட்டு. 'தறிக்கு அனுப்பறனுங்க. நூலு முடிய நல்லாக் கத்துக்கிச்சு'ன்னா. பள்ளிக்கொடம்னு கேட்டேன். புள்ளை தலையைக் கோதி உட்டா. புள்ளை கம்பிக்குள்ள கையை உட்டுப் பாக்குது. வலை சின்னக் கண்ணு, வெரலுதான் நுழையுது. அந்த வெரலைத் தொட்டேன் சார். சொரசொரன்னு இருந்துது.

அடுத்த ஞாயித்துக்கெழமை ஐயா கேட்டப்ப, 'நான் பாவிங்க ஐயா'ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அது பொய்யில்லீங்களே? பாவியில்லாதவன் யாரு? அவரு என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டாரு. நானும் அழுதேன். வகுப்புல சேத்துட்டாங்க.

முழுக்குக்கு நாள் குறிச்சாங்க. செயில் தோட்டத்துல ஒரு பெரிய தண்ணித் தொட்டி. சூப்பிரண்டுகிட்ட ஸ்பெசலாப் பர்மிசன் வாங்கி, குடும்பத்தையெல்லாம் வரவழைச்சு பெஞ்சு போட்டு உக்கார வச்சிருந்தாங்க. பாவாயியும் வந்திருந்தா. நல்ல சீலை கட்டியிருந்தா, தலையில கனகாம்பரம். நான் தொட்டிக்குள்ள நிக்கறேன், மார் மட்டும் தண்ணி. 'நான் பாவி'ன்னு சாட்சி சொன்னேன். ஐயா எங்கையைப் புடிச்சுக்கிட்டு, மெதுவா, பிரியமாக் கேட்டாரு. 'எந்தப் பாவம் மகனே? சொல்லிவிடு. பாரம் இறங்கட்டும்.'

எல்லாரும் என்னையே பாக்கறாங்க. நெனச்சுப் பாருங்க சார். இல்லைன்னு சொல்லிட்டு ஈர வேட்டியோட தொட்டிய விட்டு ஏறணுமா? புள்ளை தறிக்குப் போகணுமா? வாயில வந்துருச்சு. 'மாரப்பனை நான் கொன்னேன்'னேன். உடனே ஒரு அழுகை வந்துது பாருங்க, அடக்க முடியல. அது எங்கிருந்து வந்துதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. முக்கி எடுத்தாங்க. எல்லாரும் பாடுனாங்க. நான் கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் பெஞ்சைப் பாத்தேன். பாவாயி பூவைத் தலையில இருந்து எடுத்து மடியில வச்சிருந்தா.

நான் என்ன நெனச்சேன்னா, அவ புத்திசாலி, புரிஞ்சுக்குவான்னு நெனச்சேன். யாருக்காகச் செஞ்சேன்? அடுத்த மனுவுக்கு வந்தா. வலைகிட்ட வந்து நின்னு ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'அப்ப எஞ்சாட்சி பொய்யா?'ன்னா. எனக்குப் பதறிப் போச்சு. சத்தம் போடாத, வார்டரு நிக்கறாருன்னேன். போயிட்டா. அதுக்கப்பறம் நான் வெளிய வர்ற வரைக்கும் மனுவுக்கே வரலீங்க.

பாருங்க அவ பிடிவாதத்தை. புள்ளையை மிஷன் ஹாஸ்டல்ல சேத்தா. அதைச் சேத்தாளா இல்லியா? அங்கதான் எஸ்தர்னு பேரு வச்சாங்க, படிக்க வச்சாங்க, இன்னிக்கு எம் புள்ளை ஆஸ்பத்திரியில ஸ்டாப் நர்ஸு. இவளுக்குத் தையல் மிசினு குடுக்க வந்தாங்க. வேண்டாம்னுட்டா. தறிக்கே போயிட்டிருந்தா. நன்னடத்தைன்னு என்னை விட்டதுக்கப்பறம் மிஷன் காம்பவுண்டுல ஊடு குடுத்தாங்க, செயில் ஊழியத்துக்கு என்னையே வச்சுக்கிட்டாங்க. வந்து ஒரே ஊட்டுல இருந்தா. ஆக்கிப் போட்டா. எனக்கு ஒடம்புக்கு ஆகாதப்ப கஞ்சி வச்சுக் குடுத்தா. பேச்சு மட்டும் உப்பு இருக்குதா, வெந்தண்ணி வேணுமான்ற அளவோட. நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்? நீங்களே சொல்லுங்க.

ஐயாவும் எத்தனையோ விதமாச் சொல்லிப் பாத்தாரு. 'பாவாயி, புருசன் மேல வச்ச அன்பாலதானே கோர்ட்டில் பொய் சொன்னாய்? அதை ஒரு வார்த்தை ஒத்துக்கொண்டு முழுக்கு எடு'ன்னு. வாசப்படியில நின்னுக்கிட்டு, 'நான் பாத்ததைத்தானுங்க சொன்னேன்'ம்பா. எனக்குத் தூக்கிவாரிப் போடும். நல்லவேளை, ஐயா அதை இப்பிடிப் புரிஞ்சுக்கிட்டாரு: பாவம், நான் கொலை பண்ணிட்டு ஓடியாந்து விசிறிய எடுத்துக்கிட்டேன், இவ ஏமாந்துட்டான்னு. மனுசன் அவ்வளவு நல்லவரு சார். அவருகிட்டயிருந்து எப்பிடித் தப்பிக்கறதுன்னே தெரியாது.

இன்னொண்ணு நடந்துது. மாரப்பன் அம்மா இருந்தாங்க. நல்ல வயசு. நான் வெளிய வந்த வருசம் ஐயா என்னை அந்தம்மா முன்னால கொண்டு போயி நிறுத்துனாரு. மன்னிப்புக் கேளுன்னாரு. மண்டி போட்டேன். அந்தம்மா கையை எந்தலையில வச்சு, 'போ சாமி, மன்னிச்சுட்டேன்'னாங்க. செய்யாத கொலைக்கு மன்னிப்பு வாங்கிட்டேன் சார். அதை எங்க கொண்டு போயித் திருப்பிக் குடுக்கறது? அந்தம்மா செத்துப் போயிட்டாங்க. நிம்மதியாச் செத்தாங்கன்னு சொன்னாங்க. நான் மண்டி போட்டுட்டு வந்த அன்னிக்கு ராத்திரி பாவாயி சோறாக்கல.

செயிலுக்குள்ள இருந்தப்ப சுவரு எங்க இருக்குதுன்னாவது தெரிஞ்சுதுங்க. இப்ப அது கூடத் தெரியல. எந்தப் பக்கம் திரும்புனாலும் முட்டுது. சாட்சி சொல்லமாட்டேன்னு எப்பிடிச் சொல்லுவேன்? ஊடு இருக்குது, ஊழியம் இருக்குது. இன்னிக்கும் வாரத்துல ரெண்டு நாள் செயிலுக்குள்ள போறேன். வெளிய மரத்தடியில உக்காந்திருக்கற பொம்பளைங்களுக்கு மனு எழுதிக் குடுக்கறேன், சோப்பு, துண்டு வாங்கியாந்து உள்ள சேக்கறேன். நல்ல வேலைதானுங்க? போன வாரம் கூடப் புதுசா ஒரு பையன். கையெடுத்துக் கும்பிடறான். 'அண்ணே, நான் செய்யலண்ணே'ங்கறான். முதுகைத் தட்டிக் குடுத்து, 'எல்லாரும் மொதல்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க தம்பி'ன்னேன்.

என்ன சார்? ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? வேற என்ன சொல்லச் சொல்றீங்க அவங்கிட்ட?

சரி உடுங்க. அணியாபுரம் தாண்டிட்டோமா? இன்னுங் கொஞ்ச நேரந்தான்.

இன்னிக்கோட எல்லாம் சரியாப் போயிரும். எஸ்தருக்குக் கல்யாணம் பேசியிருக்குது. எங்க சபைப் பையந்தான், பள்ளிக்கொடத்து வாத்தியாரு. அவங்கூட்டுப் பெரியவங்க, 'பொண்ணோட அம்மா இன்னும் முழுக்கு எடுக்கலியாமே'ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டாங்க. அதாலதான் பாவாயி எறங்கி வந்திருக்கா. பின்ன? பெத்த புள்ளைக்காக யாரா இருந்தாலும் வளைஞ்சுதான குடுக்கணும். நான் குடுக்கலியா? இப்பத்தான் அவளுக்குப் புரிஞ்சிருக்குது. ஐயாகிட்டப் போயி, 'கோர்ட்டுல நான் சொன்னதைச் சபைக்கு மின்னால சொல்லிப்புடறனுங்க'ன்னிருக்கா. ஐயாவுக்கு அதைவிட வேற என்ன வேணும்?

அந்தப் பையனும் தங்கமான பையன். போன வாரம் ஊட்டுக்கு வந்தான். எஸ்தர் அவங்கிட்ட எல்லாத்தையும் பேசிருவா, போன்லயே குடியிருப்பாங்க ரெண்டு பேரும். வந்தவன் நேராச் சமையக்கட்டுக்குப் போயி பாவாயி காலைத் தொட்டான். எங்க சபையில காலைத் தொடற பழக்கமே கெடையாது. 'நீங்க சொல்லுங்கத்தை. நாங்க ரெண்டு பேரும் முன் பெஞ்சுல உக்காந்திருக்கறோம். எது வந்தாலும் கல்யாணம் நிக்காது'ன்னான். பாத்தீங்களா, முழுக்கு எடுக்கச் சொல்லி எவ்வளவு அழகாத் தைரியம் சொல்றான்...

எது வந்தாலும்.

கல்யாணம் ஏன் சார் நிக்கணும்? முழுக்கு எடுத்தா ஏன் நிக்கப் போவுது?

இருங்க, இருங்க. ஐயாகிட்ட அவ என்ன சொன்னா? 'கோர்ட்டுல நான் சொன்னதைச் சபைக்கு மின்னால சொல்லிப்புடறேன்.' பொய் சொன்னேன்னு சொல்றதாச் சொல்லலியே. கோர்ட்டுல சொன்னதை. கோர்ட்டுல என்ன சொன்னா? புள்ளைக்கு விசிறிக்கிட்டிருந்தாருன்னு. அம்மை வாத்த புள்ளை மேல சத்தியமான்னு.

அடப் பாவி மகளே.

அந்தப் புள்ளை முன் பெஞ்சுலயே உக்காந்திருக்கப் போவுதே சார். படிச்சு முடிச்சிருச்சு, வேலைக்கும் போயிருச்சு, மாப்புள்ளையும் கூடவே நிக்கறான். இனி யாரும் அதைத் தறிக்கு அனுப்ப முடியாது. இதுக்காகவா சபையில வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா? இத்தனை வருசமும்? கஞ்சி வச்சுக் குடுத்துக்கிட்டு?

காவேரிக்கரை பூராவும் சனமா இருக்கும் சார். மைக்கு வச்சிருப்பாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும். அவ பொய் சொல்ல மாட்டா, அது அவ பேச ஆரம்பிச்சாலே தெரிஞ்சு போயிரும். சபை திரும்பி என்னைப் பாக்கும். நான் என்ன சொல்றது? அவ பொய் சொல்றான்னு இன்னொருக்காச் சொல்லணுமா? எம் புள்ளை பாக்கப் பாக்கவா? இல்ல, ஆமா, நான் கொல்லலன்னு சொல்லணுமா? போஸ்டர்ல எம் மூஞ்சி ஒட்டியிருக்குது சார். கொலை பண்ணலன்னா என்னை எதுக்குச் சேத்துக்குவாங்க? அந்த நாயி, அந்தச் செவப்பு வானம், அந்தச் சத்தம், எல்லாம் எனக்குக் கண்ணு முன்னால தெரியுதுங்க. நான் பாக்காததெல்லாம் தெரியுது. வேப்பங்கொத்துதான் எப்பிடி இருந்துதுன்னு ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது.

ஐயா முகத்தை எப்பிடிப் பாப்பேன்? அவரு கோவிக்க மாட்டாருங்க. அதான் பயம். அழுவாரு.

கண்டக்டர்! இந்த பஸ்சு மோகனூரு தாண்டி எங்க போவுதுங்க? பாலம் ஏறி வாங்கல் ஊரு, அப்பறம் கரூருங்கறாரு. கரூர்ல இருந்து எங்க வேணா பஸ்சு இருக்கும், இல்லீங்க சார்? இல்ல, சும்மா கேட்டேன். ரெண்டு டிக்கெட்டும் அவகிட்டத்தான் இருக்குது. இன்னொரு டிக்கெட்டு எடுத்தா என்ன? நீங்களும் கரூர்தான, பேசிக்கிட்டே...

நிறுத்திட்டான். மோகனூரு.

எந்திரிச்சுட்டா பாருங்க. பச்சைச் சீலை. ஒரு தாட்டி கூட இந்தப் பக்கம் திரும்பல பாத்தீங்களா, இப்ப திரும்பறா. நேரா என்னைத்தான் பாக்கறா. எத்தன வருசமாச்சு சார் அவ என்னை இப்பிடிப் பாத்து. கூண்டுல நின்னப்ப இப்பிடித்தான் பாத்தா.

"ஏனுங்க. எறங்குங்க."

பாவாயி, நீ மின்னால போ புள்ள. பையைக் குடுத்து உடறேன். எனக்கு ஒரு மாதிரி தலை சுத்துது. நான் கொஞ்சம்...

"பையில என்னுது ஒரு சோடிதானுங்க. இன்னொண்ணு ஒங்களுது. மொத தடவை நீங்க குளிக்கத்தான செஞ்சீங்க. வாங்க, ரெண்டு பேருமா எறங்கலாம்."

கேட்டீங்களா சார்? கண்டக்டரு விசிலு ஊதறாரு. அவ படியில ஒரு காலும் தரையில ஒரு காலுமா நிக்கறா. நான் வராம வண்டியை எடுக்க உடமாட்டா.

காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்குங்க சார். நான் எறங்கணும்.